திரவ பாஸ்போபாக்டீரியா: புழுதி வயலில் இரண்டு பருவம்

வேளாண்மை விரிவாக்க மையங்களிலும் உரக்கடைகளிலும் அரை லிட்டர் புட்டியில் கிடைக்கும் திரவ பாஸ்போபாக்டீரியா என்னும் உயிர் உரத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. மண்ணில் கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்துப் பயிருக்குக் கொடுக்கும் என்று சொல்லி விற்கப்படும் இதை, இராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்பாலைக்குடிக்கும் உப்பூருக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கில் இருக்கும் என் மூன்று ஏக்கர் மானாவாரி நெல் வயலில் இரண்டு பருவங்களும், பெரியபட்டினம் பக்கம் என் மைத்துனர் மிளகாய் போடும் மணற்பாங்கான கொல்லையில் ஒரு பருவமும் பயன்படுத்தினேன். என் வயலில் ஓரளவு பயன் கண்டேன். அவர் கொல்லையில் ஊற்றியதும் தெரியவில்லை, ஊற்றாததும் தெரியவில்லை. ஒரே சரக்கு, ஒரே ஆள் கலக்கிக் கொடுத்தது. அப்படியிருந்தும் ஏன் இந்த வேறுபாடு என்பதை விளக்காமல் இதற்கு நட்சத்திரம் போடுவது நியாயமாகாது என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புழுதி உழவு செய்து விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காக வானத்தைப் பார்த்துக் காத்திருப்போம். மழை இறங்கிப் பயிர் முகம் காட்டியதும் ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் இறைப்பது எழுதாத சட்டம். இந்த அளவை யார் வகுத்தார்கள் என்று நான் கேட்ட எவருக்கும் தெரியவில்லை; எனக்கும் தெரியாமல்தான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் போட்டுவந்தேன். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 46 சதவீத மணிச்சத்தும் 18 சதவீதத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருப்பதால், ஒரு மூட்டை பிரித்தால் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் வயலுக்குள் போகின்றன. மானாவாரி நேரடி விதைப்பு நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரையோ தழை, மணி, சாம்பல் சத்து என்ற வரிசையில் ஹெக்டேருக்கு 50:25:25 கிலோ, அதாவது ஏக்கருக்கு வெறும் 10 கிலோ மணிச்சத்து. நாம் இறைப்பது அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அறுவடைப் பக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் என் வயல் ஏக்கருக்குப் பதினாறு, பதினேழு மூட்டை, ஏறத்தாழ ஒரு டன் நெல் கொடுக்கும். ஒரு டன் நெல் விளைய, கதிரும் வைக்கோலுமாகச் சேர்த்துப் பயிர் எடுத்துக்கொள்ளும் மணிச்சத்து ஆறு, ஏழு கிலோ அளவில்தான் இருக்கும். இறைத்ததில் முதல் பருவத்திலேயே பயிருக்குப் போய்ச் சேர்வது 15 முதல் 20 சதவீதம் என்பதால் எஞ்சியது மண்ணிலேயே தங்குகிறது. யூரியாவைப் போல இது ஆவியாகவும் போகாது, தண்ணீரோடு எளிதில் கீழே இறங்கியும் விடாது. புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் கடலோரத்தைப் போன்ற காரத்தன்மையுள்ள மண்ணில் அந்த வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக அது கிடப்பதால், பதினைந்து ஆண்டுகளாக நான் செய்தது பரணில் மூட்டை ஏற்றிவிட்டு ஏணியை எடுத்து ஒளித்துவைத்த வேலைதான்.

இவ்வளவு தெரிந்தும் டி.ஏ.பி.யை விட ஏன் மனம் வருவதில்லை என்றால், அதைப் போட்ட பத்து நாளில் பயிர் கருகருவென்று பச்சை கட்டுவதைக் கண்ணால் பார்க்கிறோம். அந்தப் பச்சைக்குக் காரணம் மூட்டைக்குள் இருக்கும் 9 கிலோ தழைச்சத்து. பெயர் மட்டும் மணிச்சத்துக்குப் போய்விடுகிறது. இருபது கிலோ யூரியா அதே தழைச்சத்தைத் தந்துவிடும் என்பது உரக்கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி. தட்டுப்பாடு வரும் ஆண்டுகளில் டி.ஏ.பி. வேண்டுமென்றால் கூடவே வேறொரு பொருளையும் வாங்கத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்திய கடையில் நானும் வரிசையில் நின்றிருக்கிறேன் என்பதால், அந்த எரிச்சலும் இந்தச் சோதனைக்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

புட்டியை வாங்கும் முன் மண் பரிசோதனை செய்யச் சொன்னவர் எங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலர். நானாக இருந்தால் நேரே கடைக்குத்தான் போயிருப்பேன். நெல் வயலுக்கு 15 செ.மீ. ஆழம் போதும், மிளகாய்க்கு 22 செ.மீ. வரை போக வேண்டும். மேலே கிடக்கும் குப்பையை ஒதுக்கி, ஆங்கில எழுத்து 'வி' போலக் குழி வெட்டி, அதன் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து, பதினைந்து இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்துவது முறை. வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கட்டணம் சொற்பம்தான், செலவெல்லாம் ஒரு காலைப் பொழுதும் முதுகு வலியும்.

என் வயலின் அட்டையில் கார அமில நிலை 8.3, உப்பின் அளவு 0.9, அங்ககக் கரிமம் குறைவு, கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 29 கிலோ என்று வந்தது. கிடைக்கும் மணிச்சத்தை அளக்கும் ஓல்சன் முறையில் 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 22 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்பது நம் மாநிலத்தில் பின்பற்றும் வரையறை. அதாவது உடனே கிடைக்கும் மணிச்சத்தே என் மண்ணில் தாராளமாக இருந்தது. கரையாமல் கிடப்பது இந்த எண்ணில் சேராது. மைத்துனரின் கொல்லையில் கார அமில நிலை 8.1, மணிச்சத்து 8 கிலோ. மணல் மண், எருவும் பல ஆண்டுகளாக விழாத நிலம். இந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதே முடிவை ஊகித்திருக்க வேண்டும். ஊகிக்கவில்லை.

இனி புட்டிக்கு வருவோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பேசில்லஸ் மெகாதேரியம் என்னும் பாக்டீரியா. சில தயாரிப்புகளில் சூடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கும். இவை சிட்ரிக், குளூக்கோனிக் போன்ற கரிம அமிலங்களைச் சுரந்து, சுண்ணாம்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை வேர் எடுக்கக்கூடிய வடிவத்துக்குக் கரைத்து விடுகின்றன. இந்தப் புட்டியிலிருந்து மண்ணுக்குப் புதிதாக மணிச்சத்து எதுவும் வந்து சேராது என்பதை வாங்குபவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அசோஸ்பைரில்லமும் ரைசோபியமும் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்கு வரவு வைப்பவை. பாஸ்போபாக்டீரியா வரவு வைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதைத் தோண்டிக் கொடுக்கிறது. கடையில் இந்த மூன்றையும் ஒரே அலமாரியில் அடுக்கி ஒரே வாக்கியத்தில் விற்பதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி திரவ வடிவத்தில் ஒரு மில்லி லிட்டருக்குக் குறைந்தது பத்துக் கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும் எண்தான். அரை லிட்டருக்கு ஐயாயிரம் கோடி. ஒரு ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண்ணின் எடையோ ஏறத்தாழ 900 டன். ஐயாயிரம் கோடியை இந்தத் 900 டன்னுக்குப் பங்கிட்டால் ஒரு கிராம் மண்ணுக்கு ஐம்பத்தைந்து உயிரணு விழும்; அதே ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஒரு பேருந்து ஆளை இறக்கிவிட்டதைப் போலத்தான். ஆகவே இதை வயல் முழுவதும் தண்ணீரில் கலந்து தெளிப்பதில் பொருளில்லை. வேர் எங்கே இருக்கிறதோ அங்கே, தின்பதற்கு மக்கிய எருவோடு சேர்த்து வைத்தால்தான் அது பிழைக்க வாய்ப்புண்டு. என் கண்ணில் இந்தக் கணக்குத்தான் பயன்படுத்தும் முறையைத் தீர்மானித்தது. புட்டியில் ஒட்டியிருக்கும் சிட்டையில் (லேபிளில்) இதற்கான குறிப்பு எதுவும் இல்லை.

வாங்கிய அனுபவம் இரண்டு வகை. முதல் பருவத்துக்கு ஒரு தனியார் கடையில் வாங்கினேன். புட்டிகளைக் கடை வாசலில், காலை வெயில் நேராக விழும் பலகையில், பூச்சிமருந்து டப்பாக்களோடு அடுக்கி வைத்திருந்தார்கள். "அண்ணே, இதப் போட்டா டி.ஏ.பி.யே தேவையில்ல" என்று சொன்ன கடைக்காரரிடம், உயிருள்ள பொருளை வெயிலில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "மூடிதான் இறுக்கமா இருக்கே" என்றார். காலாவதித் தேதிக்கு இரண்டு மாதமே பாக்கி இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அது என் பிழை. திறந்தபோது முட்டை அழுகிய வாடை அடித்தது. இரண்டாம் பருவத்துக்கு விரிவாக்க மையத்தில் வாங்கிய புட்டி ஏறத்தாழப் பாதி விலைக்கு வந்தது, தயாரித்து ஒரு மாதமே ஆகியிருந்தது, திறந்தால் லேசான மோர் புளிப்பு வாடைதான் வந்தது. வாடையை வைத்து உயிரணுக்களை எண்ண முடியாது என்றாலும், இரண்டாவதை நம்பி வயலில் ஊற்றினேன். முதலாவதை ஊற்றியது பணம் கொடுத்துவிட்டோமே என்பதற்காக.

பயன்படுத்தும் முறை குறித்து எனக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதைத் தயாரிப்பாளர்கள் எவராவது படித்தால் நல்லது. சிட்டையில் விதை நேர்த்தி, நாற்றை நனைத்தல், நடவு வயலில் இடுதல் என்று மூன்று முறைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. இவை ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களுக்கானவை. எங்களுக்கு நாற்றங்காலும் இல்லை, நடவும் இல்லை. விதை நேர்த்தி செய்யலாம் என்றால், புழுதியில் விதைத்த நெல் மழை வரும் வரை மூன்று வாரமோ ஐந்து வாரமோ சுடுமண்ணில் கிடக்கும். விதையின் மேல் தடவிய நுண்ணுயிர் அந்தச் சூட்டிலும் வறட்சியிலும் என்ன ஆகும்? பேசில்லஸ் வகை தன்னைச் சுற்றி ஓடு போலக் கட்டிக்கொண்டு உறங்கிக் கிடக்கும் திறமை உடையது என்பதால் ஒரு பகுதியாவது பிழைக்கலாம். சூடோமோனாஸுக்கு அந்தத் திறமை இல்லை. முதல் பருவத்தில் சிட்டையை நம்பி விதை நேர்த்தி செய்தேன். மழையும் அந்த ஆண்டு ஐப்பசி நடுவில்தான் இறங்கியது. பயன் எதுவும் தெரியவில்லை என்பதில் வியப்பில்லை. வெயிலில் காய்ந்த புட்டியா, புழுதியில் காய்ந்த விதையா, எதைக் குறை சொல்வது என்றும் தெரியவில்லை.

இரண்டாம் பருவத்தில் முறையை மாற்றினேன். மழை இறங்கி, பயிர் முளைத்து, முதல் களை எடுக்கும் சமயத்தில், நன்றாக மக்கிய எருவைச் சலித்து, அதில் புட்டியைத் தண்ணீரோடு கலந்து தெளித்து, நனைத்த சாக்கால் மூடி நிழலில் ஐந்து நாள் வைத்திருந்து, மாலை வேளையில் ஈரமுள்ள மண்ணில் பயிர் ஓரமாகத் தூவினேன். அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் யூரியா போடவில்லை. இரசாயன உரத்தோடு ஒரே கூடையில் கலக்கக் கூடாது என்பது சிட்டையிலேயே இருக்கும் எச்சரிக்கை. கலந்து இறைப்பவர்களை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன்.

மூன்று ஏக்கரும் ஒரே வரப்புத் தொடரில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருந்தது. முதல் ஏக்கருக்கு வழக்கம்போல ஒரு மூட்டை டி.ஏ.பி. இரண்டாம் ஏக்கருக்கு டி.ஏ.பி. இல்லாமல் 20 கிலோ யூரியாவும் புட்டி கலந்த எருவும். மூன்றாம் ஏக்கருக்கு 20 கிலோ யூரியாவும் புட்டி கலக்காத எருவும். மேலுரமும் சாம்பல்சத்தும் மூன்றுக்கும் ஒன்றுபோலவே கொடுத்தேன். தை அறுப்பில் முதல் ஏக்கர் 17 மூட்டை, இரண்டாம் ஏக்கர் 17 மூட்டையும் ஒரு மரக்காலும், மூன்றாம் ஏக்கர் பதினாறரை. இந்த அரை மூட்டை வித்தியாசத்தைப் புட்டியின் கணக்கில் எழுதலாம். மூன்றாம் ஏக்கரின் தெற்கு மூலை சற்றுப் பள்ளம், அங்கே தண்ணீர் நின்றது என்று அதன் கணக்கிலும் எழுதலாம். ஒரு பருவத்து, ஒரு வயலின் எண்ணை வைத்துச் சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. டி.ஏ.பி. இல்லாத இரண்டு ஏக்கர்களும் அது போட்ட ஏக்கருக்குச் சமமாக, அல்லது அதன் தோளளவுக்கு, விளைந்தன. 1350 ரூபாய் மூட்டைக்குப் பதிலாக 20 கிலோ யூரியாவுக்கு 120 ரூபாய்க்குள்தான் செலவு. இந்த இலாபத்தைக் கொடுத்தது மண் பரிசோதனை அட்டை; புட்டி எனக்குக் கொடுத்தது பெரும்பாலும் துணிச்சல். எதையும் போடாமல் விடுவதற்கு விவசாயியின் கை கூசும். ஏதோ ஒன்றைப் போட்டோம் என்ற ஆறுதலுக்கு இந்தப் புட்டி மலிவான விலைதான். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு மூட்டையை நிறுத்த அது உதவியிருக்கிறது என்றால் அந்த அளவில் அது வேலை செய்திருக்கிறது.

டி.ஏ.பி. போட்ட முதல் ஏக்கரில் இன்னொன்றும் கவனித்தேன். முளைத்த இருபதாம் நாள் வாக்கில் இளம் இலைகளின் அடிப்பகுதி வெளுத்து, கீழ் இலைகளில் துருப் பிடித்தாற்போலப் புள்ளிகள் வந்தன. துத்தநாகப் பற்றாக்குறை. மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் பயிர் துத்தநாகத்தை எடுப்பது குறையும்; கார மண்ணில் அது ஏற்கெனவே அரிது. அதற்குத் துத்தநாக சல்பேட் வாங்கித் தெளித்தது டி.ஏ.பி.யின் விலையோடு சேர்க்க வேண்டிய செலவு.

மைத்துனர் கொல்லை வேறு கதை. முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அவருக்கு அந்தப் பயிரின் மேல் பிடிப்பு கூடியிருக்கிறது. என் பேச்சைக் கேட்டு அவரும் அடியுரமாக எதுவும் இடாமல் புட்டியை மட்டும் எருவின்றி மணலில் கலந்து வைத்தார். செடி குட்டையாக, இலை கரும்பச்சையாகி, அடியில் ஊதா நிறம் ஓடி நின்றது. எட்டு கிலோ மட்டும் இருக்கும் மணலில் கரைத்துக் கொடுக்க என்ன இருக்கிறது? உண்பதற்குக் கரிமமும் இல்லாத மண்ணில் நுண்ணுயிர் எதைத் தின்று அமிலம் சுரக்கும்? நான்தான் தப்பான யோசனை சொன்னவன். "மச்சான், உங்க வயலுக்கு ஒத்து வந்தது எங்க கொல்லைக்கு வரணும்னு சட்டமா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சூப்பர் பாஸ்பேட் வைத்துத்தான் காய்ப்பைக் காப்பாற்றினோம்.

அவருடையதைப் போன்ற நிலத்துக்கு நான் இப்போது சொல்வது ஊட்டமேற்றிய தொழு உரம். பரிந்துரைக்கப்பட்ட மணிச்சத்துக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டை, ஹெக்டேருக்கு 750 கிலோ என்ற அளவில் தூளாக்கிய தொழு உரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் மூடிவைத்து இடுவது. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம்தான் என்றாலும் 11 சதவீதக் கந்தகம் உடன் வருகிறது. எருவோடு ஊறியதால் மணிச்சத்து நேரே சுண்ணாம்பின் வாயில் விழாமல் சற்றுக் காலம் தப்பிக்கிறது. எருவில் ஊறவைத்து ஆறவிட்ட பிறகு, இடுவதற்கு முன்பாகப் புட்டியையும் கலந்தால் அதற்கும் வேலை இருக்கும். பாறை பாஸ்பேட் மலிவாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது நீலகிரித் தேயிலைத் தோட்டம் போன்ற புளிப்பு மண்ணுக்கு உகந்தது, எட்டைத் தாண்டிய எங்கள் மண்ணில் கல்லாகவே கிடக்கும். கடற்பாசிச் சாற்றையும் மணிச்சத்துக்கு மாற்றாகச் சிலர் விற்கிறார்கள். மண்டபம் பக்கம் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியின் சாற்றில் சாம்பல்சத்து மிகுதி, மணிச்சத்து மிகச் சொற்பம். உப்பு ஏறிய நிலத்தில் அதையும் யோசித்தே தெளிக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் இந்தப் புட்டிக்கு நேர்ப் போட்டி ஆட்டுக்கிடைதான், அதாவது ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைத்து எரு சேர்ப்பதுதான், என்பது என் எண்ணம். ஆட்டு எருவில் ஒரு சதவீத அளவுக்கு மணிச்சத்து உண்டு. ஒரு டன் விழுந்தால் ஏக்கருக்குப் பரிந்துரைத்த 10 கிலோ வந்துவிடும், கூடவே தழையும் சாம்பலும் கரிமமும். மனிதச் சிறுநீரைக் காய்ச்சித்தான் 1669-இல் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பாஸ்பரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார் என்று படித்துவிட்டு, கிடையின் பெருமை ஆட்டு மூத்திரத்தில்தான் என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். ஆனால் அசைபோடும் பிராணிகளில் மணிச்சத்து பெரும்பாலும் புழுக்கை வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே புழுக்கை காய்ந்து காற்றில் பறக்கும் முன் ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். கண்மாய் வண்டலும் அப்படியே. மணிச்சத்து வயலை விட்டுப் போவது பெரும்பாலும் மண்ணோடு அரித்துக்கொண்டுதான். போய்ப் படிவது கண்மாயில். கோடையில் அனுமதி பெற்று வண்டல் அள்ளிக்கொண்டு வருவது, சொந்தக் காசில் வாங்கிய டி.ஏ.பி.யின் ஒரு பங்கைத் திரும்ப வண்டியேற்றிக் கொண்டுவருவதுதான்.

ஊருணியும் கண்மாயும் பச்சைப் பாசி பிடிப்பதில் இந்த உபரி மணிச்சத்துக்குப் பங்குண்டு, ஏனெனில் நன்னீரில் பாசியின் வளர்ச்சிக்குக் கடிவாளம் பெரும்பாலும் மணிச்சத்து. கடலில் அந்தக் கடிவாளம் பெரும்பாலும் தழைச்சத்தின் கையில் இருப்பதால், பாக் நீரிணையில் வரும் எல்லா நிறமாற்றத்துக்கும் டி.ஏ.பி.யைக் குற்றவாளியாக்கிப் பேசுவதை நான் ஏற்பதில்லை. பாறை பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ எழுபது சதவீதம் மொராக்கோவின் கையில் இருப்பதும், நம் நாட்டில் உதயப்பூருக்குப் பக்கத்து ஜாமர்கோட்ரா போன்ற சில இடங்களே இருப்பதும், விலையேற்றத்தின்போதெல்லாம் நினைவுக்கு வரும் செய்தி. கப்பலில் வந்த சரக்கைச் சுண்ணாம்புக்குத் தின்னக் கொடுப்பதற்கு உப்பூர் வரை ஏன் கொண்டுவர வேண்டும்?

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: மணிச்சத்து அதிகம் என்று அட்டை வந்து, எருவும் கையில் இருக்கும் வயலுக்கு ஐந்தில் மூன்றரை. நடுத்தரம் என்றால் மூன்று. பாதி அளவு சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்து மட்டும். குறைவு என்று வந்த மணல் கொல்லைக்கு, தனியாக இட்டால், ஒன்று. மண் பரிசோதனை இல்லாமல் வாங்குபவருக்கு நான் மதிப்பெண் சொல்ல முடியாது. என் வயலிலும் 29 கிலோ என்பது வற்றாத ஊற்று அல்ல. எடுத்துக்கொண்டே இருந்தால் இறங்கும் என்பதால் மூன்றாம் ஆண்டு மறுபடி மண் எடுத்துப் பார்க்கப் போகிறேன், 22-க்குக் கீழே வந்தால் ஊட்டமேற்றிய தொழு உரத்துக்கு மாறிவிடுவேன்.

வாங்கப் போகிறவர்கள் விரிவாக்க மையத்துக்குச் சரக்கு வந்த வாரத்திலேயே காலையில் போங்கள். தயாரிப்புத் தேதி, உயிரணு எண்ணிக்கை, பாக்டீரியாவின் பெயர் மூன்றையும் சிட்டையில் பார்த்து, பேசில்லஸ் என்று இருந்தால் மட்டும் மானாவாரிக்கு எடுங்கள். வண்டியின் முன்பெட்டியில் வைத்து வெயிலில் ஊர் சுற்றிவிட்டு வராமல் நனைத்த துணியில் சுற்றி நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்பானைத் தண்ணீர் வைக்கும் மூலையில் வையுங்கள். நான் இந்த ஆண்டுக்கு இரண்டு புட்டி போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றாம் ஏக்கருக்கு ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரியிடம் வைகாசியில் நான்கு இரவு கிடை பேசியாகிவிட்டது.